ப்ளூ ஜேஸ்: கார்ட்டருக்கு அடுத்து பேட் பிடிக்க நின்றது யார்?

நீலப்பறவை77

டொராண்டோவின் பேஸ்பால் அணியான ப்ளூ ஜேஸின் 1993 அக்டோபர் 23 ஆட்டம் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஜோ கார்ட்டரின் ஹோம் ரன்னோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பந்துக்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததைப் பற்றிப் பேச வேண்டும்.

சாம்பியனைத் தீர்மானிக்கும், நான்கு ஆட்டம் வென்றால் போதுமான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், இடம் டொராண்டோவின் ஸ்கைடோம் மைதானம், பிலடெல்பியாவுக்கு எதிராக டொராண்டோ தொடரில் 3-2 என்று முன்னிலை. அன்றைய லைன்அப் (பேட் பிடிக்கும் வரிசை): ரிக்கி ஹென்டர்சன், டெவன் வைட், பால் மாலிட்டர், கார்ட்டர், ஜான் ஓலருட், ராபர்ட்டோ அலோமார், டோனி ஃபெர்னாண்டஸ், எட் ஸ்ப்ரேக், பேட் போர்டர்ஸ். இதில் எங்கேயும் ஓட்டை கிடையாது. அந்த வருடம் டொராண்டோ ஆடும் அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் சராசரியில் முதல் மூன்று இடமும் இந்த ஒரே அணியிடம் இருந்தது. ஓலருட் .363, மாலிட்டர் .332, அலோமார் .326. ஒரே அணிக்காரர்கள் மூவர் ஒரு லீக்கில் அப்படி வந்தது அதற்கு முன் 1893இல், அதுவும் பிலடெல்பியா அணியில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவதில் டொராண்டோ 5-6 என்று பின்தங்கியிருந்தபோது ஓலருட் பேஸ் ஏறினார். மேனேஜர் சீட்டோ காஸ்டன் அவரை வெளியே எடுத்துவிட்டு, அவருக்குப் பதிலாக ஓட ஆல்ஃபிரடோ கிரிஃபினை அனுப்பினார். வெளியே எடுத்தவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. அந்த இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நின்றும் ஒரு ரன் கூட வரவில்லை. ஒன்பதாவதில் கார்ட்டர் பேட் பிடித்தபோது அடுத்து ஆட வேண்டியவர் யார்? லீக்கின் பேட்டிங் சாம்பியன் ஓலருட் அல்ல. ஓய்வு பெறப்போகிற கிரிஃபின். கார்ட்டர் அவுட் ஆகியிருந்தால் சாம்பியன் பட்டம் கிரிஃபின் பேட்டில் தொங்கியிருக்கும். அவர் அதற்குப் பிறகு லீக்கில் ஆடவே இல்லை.

காஸ்டன் செய்தது சரியா? லைன்அப் பற்றிப் பேசும் எல்லோரும் ஆட்டம் தொடங்கும்போது எழுதித் தந்த தாளைப் பார்த்துப் பேசுகிறார்கள். கடைசி இன்னிங்ஸில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதுதான் உண்மையான லைன்அப் என்று நான் நினைக்கிறேன்.

ஸ்காபரோ அண்ணை

தம்பி, காஸ்டனைக் குறை சொல்வதற்கு முன் அதே தொடரின் மூன்றாவது ஆட்டத்தைப் பாருங்கள். பிலடெல்பியாவில் ஆட்டம், அங்கே அப்போது நேஷனல் லீக் விதி, பிட்சரும் (பந்து வீசுபவரும்) பேட் பிடிக்க வேண்டும். அதனால் மாலிட்டரை பேட்டராக மட்டும் வைத்திருக்க முடியாது, களத்தில் எங்காவது நிறுத்த வேண்டும். எதிரே இடதுகை பிட்சர் டேனி ஜாக்சன். காஸ்டன் என்ன செய்தார்? லீக்கின் பேட்டிங் சாம்பியனையே உட்கார வைத்துவிட்டு மாலிட்டரை ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்தினார். ஊரே திட்டத் தயாராக இருந்தது. மாலிட்டர் ஒரு டிரிபிள் (ஒரே அடியில் மூன்றாவது பேஸ் வரை), ஒரு ஹோம் ரன். 10-3 வெற்றி. அடுத்த இரண்டு ஆட்டத்தில் ஓலருட்டைத் திரும்பக் கொண்டுவந்து, மாலிட்டரை தேர்ட் பேஸுக்கு அனுப்பி ஸ்ப்ரேக்கை உட்கார வைத்தார்.

அந்த மனிதருக்குத் தன் ஆட்களைத் தெரியும். 1989 மே மாதம் அணி 12 வெற்றி 24 தோல்வி என்று கிடந்தபோது பொறுப்பெடுத்து, அந்த வருடமே பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர். உலகத் தொடரை வென்ற முதல் கறுப்பின மேனேஜர். ரொறன்ரோவில் அவருக்குக் கிடைத்த மரியாதை போதாது என்பது என் நெடுநாள் ஆதங்கம். இவ்வளவு நல்ல ஆட்களை வைத்துக்கொண்டு யாராலும் ஜெயிக்க முடியும் என்று அந்தக் காலத்தில் சொன்னவர்கள் பலர். அவ்வளவு நல்ல ஆட்களை வைத்துக்கொண்டு தோற்ற அணிகளின் பட்டியல் வேண்டுமா?

புள்ளிவிவரப் பித்தன்

கிரிஃபின் விஷயத்தில் நான் காஸ்டன் பக்கம். ஓலருட் மெதுவாக ஓடுபவர். ஒரு ரன் பின்தங்கி, எட்டாவது இன்னிங்ஸ், பேஸில் நிற்கும் ஆள்தான் சமன் செய்யும் ரன். அவர் ஹோம் வருவது முக்கியமா, அடுத்த இன்னிங்ஸில் பேட் பிடிப்பது முக்கியமா? கையில் இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கார்ட்டர் அந்தப் பந்தை அடித்ததில் ஹென்டர்சனுக்குப் பங்கு இருக்கிறது. ஒன்பதாவதில் அவர் வாக் வாங்கி, அதாவது பிட்சர் எல்லைக்கு வெளியே நான்கு பந்து (‘பால்’) வீசியதால் இலவசமாக, பேஸ் ஏறினார். வைட் அவுட், மாலிட்டர் சிங்கிள், ஹென்டர்சன் செகண்ட் பேஸில். பேஸ் திருடுவதில் அவருக்கு மேல் ஒருவர் பிறந்ததில்லை. அந்த பயத்தில் பிலடெல்பியா பிட்சர் மிட்ச் வில்லியம்ஸ் தன் வழக்கமான பெரிய காலசைவை விட்டுவிட்டு, காலைக் குறைவாகத் தூக்கி வேகமாக வீசினார். பழக்கமில்லாத முறை. இரண்டு பால், இரண்டு ஸ்ட்ரைக், உள்ளே தாழ்வாக வந்த பந்து, லெஃப்ட் ஃபீல்டு சுவருக்கு மேலே. 8-6. உலகத் தொடரின் கடைசிப் பந்தே ஹோம் ரன்னாக முடிந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், 1960இல் பிட்ஸ்பர்க்கின் பில் மசராஸ்கி. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. ஆகவே ஜூலை 31 அன்று ஓக்லண்டிலிருந்து ஹென்டர்சனை வாங்கியது வீண் என்று சொல்பவர்கள், டொராண்டோவில் அவர் சராசரியை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

மார்க்கம் வாசி

நீலப்பறவை, இந்தக் கேள்வியைக் கேட்டு ஆறாத புண்ணைக் கிளறிவிட்டீர்கள். 2025 நவம்பர் 1. உலகத் தொடரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸோடு ஏழாவது ஆட்டம்.

மூன்றாவது இன்னிங்ஸில் நம்ம போ பிஷெட் டாட்ஜர்ஸின் ஓதானியின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். முழங்கால் காயத்தால் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஆடாதவர், தன் இடமான ஷார்ட்ஸ்டாப்பை விட்டு செகண்ட் பேஸில் நின்று உலகத் தொடரில் ஆடினார், ஓடும்போது வலி முகத்தில் தெரிந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 முன்னிலை, இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை. டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அவரிடமிருந்து யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

அந்த இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில், நாம் பேட் பிடிக்கும் முறையில், பிஷெட் சிங்கிள் அடித்து ஏறினார். மேனேஜர் ஜான் ஷ்னைடர் அவரை எடுத்துவிட்டு ஐசையா கைனர்-ஃபலேஃபாவை ஓட அனுப்பினார். அப்புறம் மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட். டால்டன் வார்ஷோ தரையில் அடித்த பந்தை அதே ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிந்தார். கைனர்-ஃபலேஃபா அரை அடியில் அவுட். அடுத்து எர்னி கிளெமென்ட் தூக்கி அடித்ததை ஆன்டி பஹேஸ் சுவரருகே சக வீரர் மீது மோதியபடி பிடித்தார். முடிந்தது.

பதினொன்றாவதில் டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்து 5-4. கீழ்ப்பாதியில் விளாடிமிர் கெரேரோ டபுள் அடித்து ஆரம்பித்தார். அடுத்து யார்? பிஷெட்டின் இடம், ஆனால் பிஷெட் இல்லை. கைனர்-ஃபலேஃபா பன்ட் செய்து (பந்தை பேட்டால் மெதுவாகத் தட்டிவிட்டு) கெரேரோவை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தினார், ஒரு அவுட் போனது. பார்ஜர் வாக். கர்க் அடித்த பந்து டபுள் ப்ளே, ஒரே பந்தில் இரண்டு அவுட். கதை முடிந்தது. 1993இல் கிரிஃபினுக்கு வராமல் போன அந்த பேட், 2025இல் கைனர்-ஃபலேஃபாவுக்கு வந்துவிட்டது. ஷ்னைடர் செய்ததும் காஸ்டன் செய்ததும் ஒரே முடிவு. ஒருவரை கார்ட்டர் காப்பாற்றினார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்

வார்ஷோ அடித்த பந்தில் கைனர்-ஃபலேஃபா ஏன் மூன்றாவது பேஸை ஒட்டியே நின்றார் என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். முதல் நாள் இரவு ஆறாவது ஆட்டம் எப்படி முடிந்தது என்பதை மறந்துவிட்டார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் லெஃப்ட் ஃபீல்டில் கிகே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பந்தைப் பிடித்தார், செகண்ட் பேஸிலிருந்து தள்ளி வந்துவிட்ட பார்ஜர் திரும்ப முடியாமல் அவுட். ஆட்டமே அதில் போனது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பிறகு எந்த ஓட்டக்காரர் பேஸை விட்டுத் தள்ளி நிற்பார்? அந்த இரண்டு இரவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு மனிதர் மேல் முழுப் பழியையும் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோவை ரசிகன்

வணக்கம். நான் ஓதானியைப் பார்க்கத்தான் 2025 தொடரைத் திறந்தேன், அந்த 18 இன்னிங்ஸ் மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு டொராண்டோ ரசிகனாகிவிட்டேன். கிரிக்கெட்டில் வளர்ந்தவனுக்கு முதலில் பிடிபடாதது, வெளியே எடுத்த ஆள் திரும்ப வர முடியாது என்பதுதான். ரன்னர் வைத்துக்கொண்டு அடிபட்டவர் தொடர்ந்து பேட் செய்வதைச் சிறுவயதில் பார்த்தவர்கள் நாங்கள். இங்கே கால் வலிக்கிறதென்றால் அந்தப் பேட்டும் போய்விடுகிறது.

பெரியவர்களிடம் ஒரு கேள்வி. 92, 93 இரண்டு வருடமும் தொடர்ந்து வென்ற அணி, அதற்கு முன் எப்படி இருந்தது? எடுத்த எடுப்பிலேயே வென்றார்களா?

ஸ்காபரோ அண்ணை

இல்லைத் தம்பி. அதைச் சொல்லாமல் 92ஐச் சொன்னால் உப்பில்லாமல் போய்விடும்.

1977 ஏப்ரல் 7, முதல் ஆட்டம், எக்ஸிபிஷன் ஸ்டேடியத்தில் பனி பெய்து களமே வெள்ளை. ஐஸ் ஹாக்கி மைதானத்தில் ஓடும் ஸாம்போனி வண்டியைக் கொண்டுவந்து பனியை அள்ளினார்கள். டக் ஆல்ட் இரண்டு ஹோம் ரன் அடிக்க, சிகாகோ வைட் சாக்ஸை 9-5 என்று வென்றார்கள். பிறகு பல வருடம் அடிவாங்கினார்கள்.

1985 அணி எனக்கு இன்றும் பிடித்தது. ஜார்ஜ் பெல், லாயிட் மோஸ்பி, ஜெஸ்ஸி பார்ஃபீல்டு என்று மூன்று அவுட்ஃபீல்டர்கள், மூவரும் 1959இல் அக்டோபர் 21க்கும் நவம்பர் 5க்கும் இடையே பிறந்தவர்கள். ஷார்ட்ஸ்டாப்பில் இளம் டோனி ஃபெர்னாண்டஸ், கேட்சர் எர்னி விட், பந்துவீச டேவ் ஸ்டீப், ஜிம்மி கீ, டாயில் அலெக்சாண்டர். 99 வெற்றி. லீக் இறுதியில் கான்சஸ் சிட்டியோடு 3-1 முன்னிலை. அதுவரை லீக் இறுதி ஐந்து ஆட்டமாகத்தான் இருந்தது, மூன்று வென்றால் போதும். அந்த வருடம்தான் ஏழாக மாற்றினார்கள்! ரொறன்ரோ மீதி மூன்றையும் தோற்றது. ஏழாவது ஆட்டத்தில், அந்தத் தொடரில் மூன்றாவது முறையாக இறக்கப்பட்ட ஸ்டீப் களைத்துப்போயிருக்க, மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஜிம் சன்ட்பெர்க் அடித்தது சுவர் உச்சியில் பட்டு டிரிபிள். அன்று ரொறன்ரோ பக்கம் இருந்த மேனேஜர் பாபி காக்ஸ், 1992இல் எதிரணி அட்லாண்டாவின் மேனேஜராக நின்றார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1987 இன்னும் மோசம். ஏழு ஆட்டம் மிச்சமிருக்க மூன்றரை ஆட்டம் முன்னிலை. ஏழையும் தோற்றார்கள். ஃபெர்னாண்டஸ் கை உடைந்து வெளியே, விட் விலா எலும்பு அடிபட்டு வெளியே, அந்த வருடம் 47 ஹோம் ரன் அடித்த பெல்லின் பேட் கடைசி வாரத்தில் அடங்கிப்போனது. கடைசி நாள் டெட்ராய்ட்டில் ஜிம்மி கீ முழு ஆட்டமும் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். 1-0 தோல்வி. 1989இல் ஓக்லண்டிடமும், 1991இல் மினசோட்டாவிடமும் லீக் இறுதியில் 4-1 என்று தோல்வி. முக்கியமான ஆட்டத்தில் விழுகிற அணி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீலப்பறவை77

அண்ணை சொன்னதற்கு அடுத்த பக்கம் 1992 அக்டோபர் 11. என்னைக் கேட்டால் இந்த அணியின் வரலாற்றில் மிக முக்கியமான ஆட்டம் அதுதான், கார்ட்டர் ஆட்டம் இரண்டாவது.

ஓக்லண்டில் லீக் இறுதியின் நான்காவது ஆட்டம், 6-1 என்று பின்தங்கியாயிற்று. தோற்றால் தொடர் 2-2. பழைய கதை திரும்புகிறது என்று எல்லோரும் நினைத்த நேரம். எட்டாவது இன்னிங்ஸில் ரன் வர ஆரம்பித்ததும் ஓக்லண்ட் டெனிஸ் எக்கர்ஸ்லியை இறக்கியது. அந்த வருடம் 51 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்துக் கொடுத்த ஆட்டங்கள்), சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் லீக்கின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. வந்தவரையும் அடித்து 6-4 ஆக்கினார்கள். ஸ்ப்ரேக்கை ஸ்ட்ரைக் அவுட் செய்ததும் எக்கர்ஸ்லி டொராண்டோ பக்கம் திரும்பி முஷ்டியை உயர்த்தினார். ஒன்பதாவதில் வைட் சிங்கிள் அடித்து ஏற, அலோமார் ரைட் ஃபீல்டுக்கு மேலே அடித்து 6-6. அடித்தவுடனே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பதினொன்றாவதில் 7-6.

அந்த இடத்துக்கு அலோமாரையும் கார்ட்டரையும் கொண்டுவந்தது 1990 டிசம்பர் 5 வர்த்தகம். அணியின் பொது மேலாளர் பேட் கில்லிக் தன் இரண்டு பெரிய ஆட்களான ஃப்ரெட் மக்ரிஃபையும் ஃபெர்னாண்டஸையும் சான் டியாகோவுக்குக் கொடுத்து இவர்கள் இருவரையும் வாங்கினார். மக்ரிஃப் போனதால்தான் ஓலருட்டுக்கு ஃபர்ஸ்ட் பேஸ் திறந்தது. ஃபெர்னாண்டஸ் 1993 ஜூனில் திரும்பி வந்து கோப்பையும் வென்றார், அது எனக்குத் தனி சந்தோஷம்.

மார்க்கம் வாசி

அலோமாரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. 2021இல் பாலியல் அத்துமீறல் புகார் ஒன்றின் மீது வெளியாள் விசாரணை நடந்த பிறகு லீக் அவரைத் தகுதியற்றோர் பட்டியலில் சேர்த்தது, ப்ளூ ஜேஸ் அவரோடு உறவை முறித்து, மைதானத்தில் இருந்த அவர் பெயரையும் எடுத்துவிட்டது. அந்த ஹோம் ரன் நடந்தது நடந்ததுதான். ஆனால் அவர் பெயரைக் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

நீலப்பறவை77

ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தைப் பற்றி எழுத அவர் பெயர் தேவை. அதற்கு மேல் வேண்டாம்.

புள்ளிவிவரப் பித்தன்

1992 உலகத் தொடரில் டேவ் வின்ஃபீல்டுக்கு ஒரு வரியாவது வேண்டும். 1983இல் யாங்கீஸ் வீரராக டொராண்டோ வந்தவர், பயிற்சியில் எறிந்த பந்து கடற்காகம் மேல் பட்டு அது செத்துப்போக, போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அதே ஊருக்காக 41 வயதில், அட்லாண்டாவில் ஆறாவது ஆட்டத்தின் பதினொன்றாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் டபுள் அடித்தார். 4-3. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி வென்ற முதல் உலகத் தொடர்.

கடைசி அவுட்டும் அழகு. ஓட்டிஸ் நிக்சன் பன்ட் செய்தார், மைக் டிம்லின் எடுத்து ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற கார்ட்டருக்குப் போட்டார். ஆக இரண்டு வருடமும் கடைசி நொடியில் இருந்தது கார்ட்டர்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்

2015ஐ யாருமே தொடவில்லை! ஜூலை 28 அன்று 50-51 என்று இருந்த அணி. அப்போதைய பொது மேலாளர் அலெக்ஸ் அந்தோபோலஸ் ட்ராய் டுலோவிட்ஸ்கியையும், இரண்டு நாள் கழித்து டேவிட் பிரைஸையும் வாங்கினார். அதன் பிறகு 43 வெற்றி, 18 தோல்வி. டொனால்ட்சன், பௌட்டிஸ்டா, என்கார்னாசியோன் அடுத்தடுத்து பேட் பிடித்த அந்த வரிசைக்கு முன் பிட்சர்கள் கை நடுங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். பிளேஆஃப் சுற்றில் டெக்சாஸோடு ஐந்தாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸ் போல் ஒன்று இனி வராது. கேட்சர் ரஸ்ஸல் மார்ட்டின் பிட்சருக்குத் திருப்பி எறிந்த பந்து பேட்டர் சூவின் பேட்டில் பட்டு ஓட, அதில் ஒரு ரன் போய் 3-2. மைதானம் கொதித்தது. கீழ்ப்பாதியில் டெக்சாஸ் வரிசையாக மூன்று பிழை செய்தது. டொனால்ட்சன் அடித்துச் சமன், அப்புறம் பௌட்டிஸ்டா மூன்று ரன் ஹோம் ரன், பேட்டை வீசிவிட்டு நின்றது. 22 வருடக் காத்திருப்பு அந்த ஒரு வீச்சில் இருந்தது.

ஸ்காபரோ அண்ணை

நல்ல அணி, ஆனால் 93 வரிசைக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். 2015 வரிசையை ஹோம் ரன் அடிக்க விடாமல் செய்தால் கட்டிவிடலாம், கான்சஸ் சிட்டி அதைத்தான் செய்தது. 93இல் ஹோம் ரன் இல்லாவிட்டாலும் வாக், சிங்கிள், பேஸ் திருட்டு என்று வந்துகொண்டே இருப்பார்கள். 93 உலகத் தொடரின் அந்த 15-14 ஆட்டம் ஒன்றே போதும் சாட்சிக்கு. பிலடெல்பியாவில் மழை, எட்டாவதில் 14-9 என்று பின்தங்கி, ஒரே இன்னிங்ஸில் ஆறு ரன். ஹென்டர்சன் அடித்து இரண்டு, வைட் டிரிபிள் அடித்து இரண்டு. பந்து வீசியது அதே மிட்ச் வில்லியம்ஸ். மூன்று நாள் கழித்து கார்ட்டர் முன் நின்றபோது அவர் மனதில் அந்த இரவு இல்லாமலா இருந்திருக்கும்?

கோவை ரசிகன்

ரொம்ப நன்றி எல்லோருக்கும். பழைய ஆட்டங்களில் ஒன்றை மட்டும் முழுதாகப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கட்டும்?

நீலப்பறவை77

1992 அக்டோபர் 11ஐப் பாருங்கள். நேரமில்லை என்றால் எட்டாவது இன்னிங்ஸிலிருந்து. அதற்குப் பிறகு 1990 செப்டம்பர் 2, டேவ் ஸ்டீப் கிளீவ்லண்டில் வீசிய நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத ஆட்டம்). 1988இல் அடுத்தடுத்த இரண்டு ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் எடுத்துவிட்டு அதைப் பறிகொடுத்தவர், 1989இல் ஒருவரையும் பேஸ் ஏறவிடாத ஒரு பெர்ஃபெக்ட் ஆட்டத்தையும் அதே இடத்தில் விட்டவர். இந்த அணிக்கு இன்றுவரை உள்ள ஒரே நோ-ஹிட்டர் அது. அக்டோபர் 11 ஆட்டத்தில் ஹென்டர்சன் ஓக்லண்டுக்காக லெஃப்ட் ஃபீல்டில் நிற்பார், பார்த்துக் குழம்ப வேண்டாம்.